ஹென்றியேட்டா லாக்ஸ் அம்மையார்: கேளாமல் பெற்ற கொடை

உலகில் புகழ்பெற்றோரின் வரலாறுகளைப் பயில்வோமாயின், அவர்களுள் பெரும்பாலோர் தம் அறிவாலோ ஆற்றலாலோ செல்வத்தாலோ அப்புகழை ஈட்டியிருக்கக் காண்போம். தம்மால் விளைந்த நன்மை இன்னதென்று தாமே அறியாமல், தம் பெயரையும் பிறர் அறியாமல், கோடிக்கணக்கான மக்களின் நலத்துக்குக் காரணராய் அமைந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண்மணியாகிய ஹென்றியேட்டா லாக்ஸ் அம்மையார் ஆவார்.

நம் கழகத்தின் வெள்ளிவிழா மலரில், கடல் கடந்த நாட்டில் வாழ்ந்து மறைந்த ஓர் ஏழைப் பெண்ணின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. அம்மையார் ஆறாம் வகுப்புக்குமேல் பயிலவில்லை. அவர்தம் கணவர் அதனினும் குறைவாகவே பயின்றவர். அவ்வீட்டில் கல்வி இல்லாத குறை எத்தகைய விலையைக் கொண்டது என்பதையும், பின்னர் அவ்வீட்டிலேயே எழுந்த கல்வி வேட்கை எதனை மீட்டுத் தந்தது என்பதையும் நம் மாணவரும் பெற்றோரும் அறிதல் நலம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜானி பிளெசண்ட், எலிசா என்போர். பெற்றோர் இட்ட பெயர் லொரெட்டா என்பதாகும். அது எவ்வாறு ஹென்றியேட்டா என மாறிற்று என்பதை அவர் குடும்பத்தாரே அறியார்.

1924-ஆம் ஆண்டில் அன்னை எலிசா பத்தாவது மகப்பேற்றின்போது உயிர் நீத்தார். அப்போது ஹென்றியேட்டாவுக்கு நான்கு வயது. பத்துக் குழந்தைகளையும் தனியே வளர்க்க இயலாத தந்தை, குளோவர் என்னும் சிற்றூரில் இருந்த உறவினர் வீடுகளில் அவர்களைப் பிரித்து ஒப்படைத்தார். ஹென்றியேட்டா தம் பாட்டனார் தாமி லாக்ஸ் இல்லத்தில் வளர்ந்தார். அவ்வில்லம் மரக்கட்டைகளால் ஆனது. முன்னர் வெள்ளையரின் புகையிலைப் பண்ணையில் அடிமைகள் அடைந்து கிடந்த குடியிருப்பு. அடிமைமுறை ஒழிந்து அறுபது ஆண்டு ஆகியும், அடிமைகளின் வழித்தோன்றல்கள் அதே கூரையின்கீழ், அதே புகையிலை வயலில் பாடுபட்டனர்.

கறுப்பினச் சிறார்க்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பள்ளி இரண்டு மைல் தொலைவில் இருந்தது. வெள்ளைச் சிறாரின் பள்ளியைக் கடந்தே அதற்கு நடந்து செல்லவேண்டும். வயல்வேலை இல்லாத நாள்களில் மட்டுமே பள்ளிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. ஆறாம் வகுப்போடு அதுவும் நின்றது. இந்நிலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஊர்ப்பள்ளியின் வாயிலைக் கடந்து சேரிப்பள்ளிக்கு நடந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர்.

மணவாழ்வு

அதே இல்லத்தில் வளர்ந்த உறவினரான டேவிட் லாக்ஸ் என்பாரை அம்மையார் 1941-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் மணந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எஃகுத் தொழில் பெருகிற்று. பால்டிமோர் நகரை அடுத்த ஸ்பாரோஸ் பாயிண்ட் என்னும் இடத்திலிருந்த பெத்லஹேம் எஃகு ஆலையில் டேவிட் வேலை பெற்றார். குடும்பம் டர்னர் ஸ்டேஷன் என்னும் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில் குடியேறியது.

அம்மையார்க்கு ஐந்து மக்கள்: லாரன்ஸ், எல்சி, டேவிட், தெபோரா, ஜோசப் என்போர். சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உறவினர்க்கெல்லாம் சோறிட்டு இடம் தந்தவர் அம்மையார் என்று அவரை அறிந்தோர் நினைவு கூர்ந்துள்ளனர். இரண்டாவது மகவாகிய எல்சி அறிவு வளர்ச்சி குன்றியும் வலிப்பு நோயுற்றும் இருந்தாள். அவளை வீட்டில் வைத்துக் காக்க இயலாமற் போகவே, கறுப்பினத்தவர்க்கெனத் தனியே நடத்தப்பட்ட கிரவுன்ஸ்வில் மனநோய் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அது அம்மையாரின் மனத்தை விட்டு நீங்காத துயராயிற்று. தம் உடல்நலம் இடம் கொடுத்தவரை அவர் அங்குச் சென்று மகளைக் கண்டு வந்தார்.

நோயும் மருத்துவமனையும்

1951-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், அடிவயிற்றில் முடிச்சுப் போன்ற ஒன்றை உணர்ந்த அம்மையார், 20 மைல் தொலைவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். ஏழை எளியோர்க்கு இன வேறுபாடின்றி மருத்துவம் செய்தல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு நிறுவப்பெற்ற மருத்துவமனை அது. கறுப்பின ஏழைகளை ஏற்றுக்கொண்ட பெரிய மருத்துவமனைகள் அக்காலத்தில் அரியனவாதலின், அதன் தொண்டை நாம் குறைத்துக் கூறலாகாது. எனினும் அங்கும் கறுப்பினத்தவர்க்குப் படுக்கைக்கூடம் வேறு. குருதிப் புட்டிகளும் வேறாகவே வைக்கப்பட்டன.

டாக்டர் ஹோவர்டு ஜோன்ஸ் என்பார் ஆய்ந்து, கருப்பை வாயில் கட்டி இருத்தலைக் கண்டார். அது புற்றுநோய் என்பது சில நாள்களில் உறுதியாயிற்று. சிறு குழாய்களில் அடைத்த ரேடியத்தைக் கருப்பை வாயில் வைத்துத் தைப்பதே அக்காலத்து மருத்துவம். தமக்குத் தேவையான சிகிச்சையையும் மயக்க மருந்தையும் மருத்துவர்கள் அளிக்கலாம் என்னும் படிவத்தில் அம்மையார் கையொப்பமிட்டார். அப்படிவத்தில் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முதல் சிகிச்சையின்போது, அம்மையார் மயக்கத்தில் கிடக்க, டாக்டர் லாரன்ஸ் வார்ட்டன் என்பார், ரேடியத்தை வைக்குமுன் இரண்டு துணுக்குத் திசுக்களை வெட்டி எடுத்தார். ஒன்று கட்டியிலிருந்து, மற்றொன்று அதனையடுத்த நோயற்ற பகுதியிலிருந்து. மருத்துவத்துக்கு அவை தேவைப்படவில்லை. அதே மருத்துவமனையில் திசு வளர்ப்பு ஆய்வகத்தை நடத்திவந்த டாக்டர் ஜார்ஜ் கை என்பாருக்காக அவை எடுக்கப்பட்டன. எடுக்கலாமா என்று அம்மையாரைக் கேட்டார் இல்லை. எடுத்தோம் என்று பின்னர்ச் சொன்னாரும் இல்லை.

அழியாத உயிரணுக்கள்

நம் உடல் எண்ணற்ற நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. ஒரே வகை உயிரணுக்கள் திரண்டதையே திசு என்கிறோம். மனித உயிரணுக்களை உடலுக்கு வெளியே, கண்ணாடிக் குழாயில் இடையறாது வளர்த்துவிட்டால், மருந்துகளையும் நோய்க்கிருமிகளையும் மனிதர்க்குத் தீங்கின்றி அவற்றின்மேல் ஆய்ந்து பார்க்கலாம். இவ்வெண்ணத்தோடு டாக்டர் ஜார்ஜ் அவர்களும் அவர்தம் துணைவியாரும் பல்லாண்டு முயன்றும் பயன் கிட்டவில்லை. எடுத்த உயிரணுக்கள் யாவும் சில நாள்களில் மடிந்தன.

ஆய்வக உதவியாளரான மேரி குபிசெக் என்னும் பெண்மணி, அம்மையாரின் திசுவை நறுக்கிக் குழாய்களில் இட்டு, வழக்கப்படி பெயரின் முதல் ஈரெழுத்துக்களையும் குடும்பப் பெயரின் முதல் ஈரெழுத்துக்களையும் சேர்த்து ஹீலா என்று எழுதி வைத்தார். நோயற்ற பகுதியின் உயிரணுக்கள் மடிந்தன. கட்டியின் உயிரணுக்களோ மடியவில்லை. ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை அவை இரட்டித்துக்கொண்டே சென்றன. இன்றும் சென்றுகொண்டிருக்கின்றன. மனித உயிரணுக்களுள் இவ்வாறு அழிவின்றி வளர்க்கப்பட்ட முதல் வழி ஹீலாவே.

டாக்டர் ஜார்ஜ் அவற்றை விற்கவில்லை, காப்புரிமையும் பெறவில்லை. கேட்ட ஆராய்ச்சியாளர்க்கெல்லாம் விலையின்றி அனுப்பினார். அவரைப் பொருளாசை கொண்டவர் என்று நாம் கூறோம். அறிவியலின்மேல் அவர் கொண்ட பற்று மெய்யானது. ஆனால் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றைக் கேளாமல் பெற்று, அதனைத் தம் பொருளென எண்ணிப் பிறர்க்கு வழங்கினார் என்பதும் மெய்யே.

மறைவு

உயிரணுக்கள் ஆய்வகத்தில் வளர, அவற்றுக்குரியவர் தேய்ந்துகொண்டிருந்தார். ரேடியமும் அதன்பின் அளிக்கப்பட்ட எக்ஸ்ரே சிகிச்சையும் நோயைத் தடுக்கவில்லை. ஆகஸ்டு 8-ஆம் நாள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்த அம்மையார், கடுந்துயருற்று, 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவர் வயது முப்பத்தொன்று. தெபோராவுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. ஜோசப் ஓராண்டு அளவுள்ள குழவி.

இங்கே ஒரு செய்தியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இறந்த உடலை அறுத்து ஆய்வதற்குக் குடும்பத்தாரின் ஒப்புதல் தேவை என்பதால், மருத்துவமனையார் டேவிட்டிடம் அனுமதி கேட்டனர். அவர் முதலில் மறுத்தார். அவ்வாய்வு என்றேனும் அவர்தம் மக்களுக்கு உதவக்கூடும் என்று எடுத்துச் சொல்லப்பட்டபின் இசைந்தார். ஆக, உயிரற்ற உடலைத் தொடுவதற்குக் கேட்கவேண்டும் என்று இருந்த முறை, உயிரோடு கிடந்த பெண்ணின் உடலிலிருந்து எடுப்பதற்குக் கேட்கவேண்டும் என்று அன்று இல்லை. ஆராய்ச்சிக்கென எடுக்கும் திசுவுக்கு நோயாளியின் இசைவைக் கட்டாயமாக்கிய சட்டம் எதுவும் அந்நாட்டில் அக்காலத்தில் இருந்ததில்லை. இலவச மருத்துவம் பெறும் ஏழைகள் அதற்கு ஈடாக ஆராய்ச்சிக்குப் பயன்படுதல் முறையே என்னும் எண்ணம் மருத்துவரிடையே பரவியிருந்தது.

பிணப்பரிசோதனையின்போது உடனிருந்த மேரி குபிசெக், அம்மையாரின் கால்விரல் நகங்களில் பூசப்பட்டிருந்த சிவப்புச் சாயம் ஆங்காங்கே உதிர்ந்திருக்கக் கண்டார். தாம் திங்கள் பலவாக வளர்த்துவந்த உயிரணுக்கள், தன் நகங்களுக்கு ஆசையோடு சாயம் பூசிக்கொண்ட ஒரு பெண்ணுடையவை என்பது அப்போதுதான் தம் உள்ளத்தில் தைத்தது என்று அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார். குழாயின்மேல் ஒட்டிய சிறு தாளுக்குப் பின்னால் ஒரு மனிதப் பிறவி உண்டென்பதை உணர்த்த அந்நகச்சாயம் தேவைப்பட்டது.

அம்மையாரின் உடல் குளோவர் ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அன்னையின் கல்லறை அருகே, பெயர் பொறித்த கல்லுமின்றிப் புதைக்கப்பட்டது.

உலகுக்கு விளைந்த நன்மை

அக்காலத்தில் இளம்பிள்ளைவாத நோய் ஆண்டுதோறும் பல்லாயிரம் சிறாரை முடமாக்கிற்று. டாக்டர் ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பூசியை 1954-இல் பல இலட்சம் சிறார்க்கு அளித்துச் சோதித்தபோது, அதன் பயனை அறிய ஏராளமான உயிரணுக்கள் வேண்டியிருந்தன. குரங்கின் உயிரணுக்களுக்குச் செலவு மிகுதி. ஹீலா உயிரணுக்களே அக்குறையைத் தீர்த்தன.

அவற்றைப் பெருமளவில் வளர்க்கும் பொறுப்பு 1953-இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்வி நிலையத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. விடுதலை பெற்ற அடிமைகளின் மக்களுக்குக் கல்வியும் தொழிலும் கற்பிக்க 1881-இல் புக்கர் வாஷிங்டன் அவர்கள் தொடங்கி வளர்த்த நிலையம் அது. ரஸ்ஸல் பிரௌன், ஜேம்ஸ் ஹெண்டர்சன் என்னும் கறுப்பின அறிவியலாரின் தலைமையில், கறுப்பின ஆடவரும் பெண்டிரும் பயிற்சி பெற்று, 1955-க்குள் ஏறத்தாழ 6 இலட்சம் ஹீலா வளர்ப்புக் குழாய்களை நாடெங்கும் அனுப்பினர். தாழ்த்தப்பட்டோர்க்கென எழுந்த ஒரு கல்வி நிலையம் உலகச் சிறாரின் நலத்துக்கு ஆற்றிய இத்தொண்டு நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

அதே டஸ்கீகியில் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறையினர் 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 600 கறுப்பின ஆடவரை வைத்து, மேகநோய் மருந்தின்றி எவ்வாறு முற்றுகிறது என்று ஆராய்ந்தனர். அவர்களுள் நோயுற்றோர்க்குத் தம் நோய் இன்னதென்று உண்மை கூறப்படவில்லை. பென்சிலின் மருந்து வந்த பின்னும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அறிவியல் ஒரு கையால் கொடுத்தும் மறு கையால் பறித்தும் நின்ற இடம் அது. இதனை அறிந்த கறுப்பின மக்கள் மருத்துவமனையை அஞ்சியதில் வியப்பில்லை.

ஹீலாவால் விளைந்த பிற நன்மைகளும் பல. கருப்பை வாய்ப் புற்றுக்கு ஒருவகை வைரஸ் காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன் 1980-களில் நிறுவினார். அவ்வைரஸின் 18-ஆம் வகை அம்மையாரின் உயிரணுக்களிலும் இருக்கக் காணப்பட்டது. இக்கண்டுபிடிப்பின் வழியே தடுப்பூசி பிறந்தது. அறிஞருக்கு 2008-இல் நோபல் பரிசும் கிட்டியது. அம்மையாரைக் கொன்ற அதே நோயை இன்று வருமுன் தடுக்கலாம். நம் நாட்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பெண்டிரை, அவர்களுள்ளும் ஏழைகளையே மிகுதியாக, கொண்டு செல்லும் நோய் இது என்பதை நம் தாய்மார் மறத்தலாகாது. 1953 முதல் 2018 வரை ஹீலாவைப் பயன்படுத்தி வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் 1,10,000-க்கு மேற்பட்டன.

பெயர் மறைந்தது

இத்துணைப் புகழும் ஹீலா என்னும் ஈரெழுத்துச் சொல்லுக்கே உரியதாயிற்று. அப்பெயர்க்குரியவர் ஹெலன் லேன் என்னும் பெண் என்று பல்லாண்டு பொய்யாக எழுதப்பட்டது. அறிவியல் ஏடொன்றில் அம்மையாரின் உண்மைப் பெயர் 1971-இல்தான் வெளிவந்தது. நோயாளியின் மறையைக் காத்தல் மருத்துவ அறம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இங்கு அம்மறைப்பினால் காக்கப்பட்டது யாது? குடும்பத்தார்க்கு உண்மை எட்டாமற் போயிற்று. உரியவர்க்கு நன்றி சேராமற் போயிற்று.

பின்னர் 1985-இல் வெளியான ஒரு நூலில், குடும்பத்தாரின் ஒப்புதலின்றி அம்மையாரின் மருத்துவக் குறிப்புகள் அச்சேறின. பெயரை மறைக்கவேண்டும் என்ற காலத்தில் மறைத்தது அவர்களுக்கு உதவவில்லை. நோயின் துயரை மறைத்திருக்கவேண்டிய காலத்தில் மறைப்பாரும் இல்லை.

குடும்பத்தார் அறிந்த விதம்

1973-ஆம் ஆண்டுவரை, அதாவது அம்மையார் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள்வரை, கணவரும் மக்களும் எதனையும் அறியார். அவ்வாண்டில் மூத்த மருமகள், புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஒருவரோடு தற்செயலாகப் பேசநேர்ந்தபோது, தம் மாமியாரின் உயிரணுக்கள் இன்னும் உயிரோடு இருப்பதைக் கேட்டுத் திடுக்கிட்டார்.

அதே காலத்தில் ஆராய்ச்சியாளர்க்கு வேறொரு தேவை எழுந்தது. ஹீலா உயிரணுக்கள் மிக விரைந்து வளர்வதால், பிற ஆய்வகக் குழாய்களிலும் புகுந்து அவற்றைக் கெடுத்திருந்தன. எது ஹீலா, எது அன்று எனப் பிரித்தறிய அம்மையாரின் மக்களுடைய குருதி தேவைப்பட்டது. மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து குருதி எடுத்தனர். தமக்கும் அன்னையின் நோய் உண்டா என்று சோதிக்கவே வந்தனர் என எண்ணிய மக்கள், முடிவுக்காகக் காத்திருந்தனர். அன்னை இறந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்த தெபோரா அஞ்சி நடுங்கினார். அத்தகைய முடிவு எதுவும் வரவில்லை.

டேவிட் நான்கு ஆண்டே பள்ளியில் பயின்றவர். உயிரணுவைக் குறிக்கும் செல் என்னும் ஆங்கிலச் சொல் சிறைக் கொட்டடியையும் குறிக்கும். அவர் அறிந்தது பின்னதையே. தம் மனைவி இருபது ஆண்டுக்கு மேலாக ஓர் ஆய்வகத்தில் உயிரோடு வைக்கப்பட்டிருக்கிறார் என்றே அவர் பொருள் கொண்டார். படித்தவர் இதனைக் கேட்டு நகைக்கலாம். நாம் நகையோம். புரியாத சொல்லைச் சொல்லிச் சென்றவர், புரிந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். அறியாதவன் தலையசைப்பதை இசைவு என்று கொள்ளுதல் அறமாகாது.

மகள் தெபோரா அவ்வறியாமையிலேயே அடங்கிவிடவில்லை. செவிப்புலன் குறைவால் பள்ளியில் பின்தங்கியவர் அவர். நடுவயதில் அறிவியல் பாடநூலையும் அகராதியையும் வாங்கி வைத்துக்கொண்டு, தெரியாத சொற்களை ஒவ்வொன்றாக எழுதிப் பயின்றார். தம் தமக்கை எல்சிக்கு நேர்ந்ததையும் தேடினார். 1955-ஆம் ஆண்டிலேயே, பதினைந்து வயதில், அச்சிறுமி அம்மருத்துவமனையில் இறந்திருந்தாள். 2001-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் ஒருவர் தெபோராவையும் அவர்தம் தம்பியையும் தம் ஆய்வகத்துக்கு அழைத்து, உருப்பெருக்கியின் வழியே அன்னையின் உயிரணுக்களைக் காட்டினார். குடும்பத்தார்க்கு இழைக்கப்பட்டது தவறு என்பதையும் ஒப்புக்கொண்டார். பொறுமையோடு விளக்குவார் ஒருவர் அரை நூற்றாண்டு கழித்தே அவர்களுக்குக் கிட்டினார். தெபோரா 2009-இல் காலமானார். அவர்தம் துணையோடு ரெபெக்கா ஸ்க்லூட் என்பார் எழுதிய வரலாற்று நூல் 2010-இல் வெளிவந்து, அம்மையாரின் பெயரை உலகறியச் செய்தது.

சட்டமும் அறமும்

உடலினின்று எடுத்த திசு யாருக்கு உரியது? எடுத்து வைப்போர் எதற்கெல்லாம் அதனைப் பயன்படுத்தலாம்? அதனால் வரும் ஊதியத்தில் கொடுத்தவர்க்குப் பங்கு உண்டா? அம்மையாரின் வாழ்வு எழுப்பிய இவ்வினாக்கள் இன்னும் முற்றிலும் விடைபெறவில்லை.

ஜான் மூர் என்பார் தம் மண்ணீரலிலிருந்து மருத்துவர் உயிரணு வழியொன்றை உண்டாக்கிக் காப்புரிமை பெற்றதை அறிந்து வழக்காடினார். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. எடுத்த உயிரணுக்களின்மேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை. ஆனால் அவற்றால் தமக்கு உள்ள ஆதாயத்தை மருத்துவர் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொத்துரிமை அளித்தால் ஆராய்ச்சி தடைப்படும் என்று நீதிமன்றம் அஞ்சியது. அவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஒவ்வொரு துணுக்குக்கும் விலை பேசினால் மருந்துகள் பிறப்பது அரிதாகலாம். ஆயினும், கொடுத்தவர்க்கு உரிமை இல்லாத பொருள் எடுத்தவர்க்கு மட்டும் எவ்வாறு உரிமையாகிறது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

பிரித்தானியாவில், லிவர்ப்பூல் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோர் அறியாமல் சேர்த்து வைத்திருந்தது 1999-இல் வெளிப்பட்டது. அதன் விளைவாக, இசைவையே அடிப்படையாகக் கொண்ட மனிதத் திசுச் சட்டம் 2004-இல் இயற்றப்பட்டது. அமெரிக்கப் பழங்குடியினராகிய ஹவசுபாய் மக்கள், நீரிழிவு ஆராய்ச்சிக்கென 1990 முதல் தாம் கொடுத்த குருதி, தம் மரபையும் மனநோயையும் ஆராயப் பயன்பட்டதை அறிந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குத் தொடுத்தனர். 2010-இல் 7 இலட்சம் டாலரும், சேமித்து வைத்திருந்த குருதியும் அவர்களுக்குத் திரும்பக் கிட்டின. சிறுபான்மையரான ஏழைச் சமூகமும் கற்றறிந்து ஒன்றுபட்டால் நீதி பெறலாம் என்பதற்கு இது சான்று.

பெயரை நீக்கிவிட்டால் இசைவு வேண்டியதில்லை என்பது அமெரிக்க விதிகளில் இன்றும் உள்ள வழக்கம். அதனை மாற்றும் முன்மொழிவு 2015-இல் எழுந்து 2017-இல் கைவிடப்பட்டது. ஆனால் மரபணு அறிவு வளர்ந்த இக்காலத்தில் பெயரை நீக்குதல் முழுக் காப்பு ஆகாது. 2013-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் ஹீலாவின் மரபணுத் தொகை முழுவதையும் குடும்பத்தாரைக் கேளாமல் வெளியிட்டனர். அன்னையின் மரபணு மக்களுக்கும் பெயரர்க்கும் உரியதாதலின், அவர்தம் உடலின் மறைகளும் உடன் வெளிப்பட்டன. குடும்பத்தார் எதிர்க்கவே, அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் அவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அம்மரபணுத் தொகையைப் பயன்படுத்த விரும்புவோரின் விண்ணப்பங்களை ஆயும் குழுவில் குடும்பத்தார் இருவர் இடம்பெற்றனர். அவர்கள் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டுச் செய்யுங்கள் என்றே வேண்டினர்.

ஹீலாவை விற்று ஊதியம் பெற்ற தெர்மோ ஃபிஷர் என்னும் பெரு நிறுவனத்தின்மேல் குடும்பத்தார் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், அம்மையாரின் நினைவு நாளில், வழக்குத் தொடுத்தனர். காலம் கடந்த வழக்கு என்று நிறுவனத்தார் வாதிட்டனர். எனினும் 2023-இல் இருதரப்பும் உடன்பட்டு வழக்கு முடிந்தது. அம்மையாரின் பிறந்த நாளான ஆகஸ்டு முதல் நாள் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. உடன்பாட்டின் விவரம் வெளியிடப்படவில்லை. தாய் உலகுக்கு மருந்து தந்தும் மக்கள் மருத்துவக் காப்பீடின்றி வாடிய நிலைக்கு இது காலங்கடந்த ஒரு விடை.

நம் நாட்டு நெறிகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறிகளில் திசுச் சேமிப்புக்கெனத் தனிப் பகுதி உண்டு. கொடுத்த திசுவும் குருதியும் கொடுத்தவர்க்கே உரியவை. சேமித்து வைக்கும் நிறுவனம் காவலரே என்பது அதன் கொள்கை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் இசைவு பெறும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்றும் அந்நெறிகள் கூறுகின்றன.

நெறி ஏட்டில் இருந்தால் போதாது. அதனைக் கேட்டுப் பெறும் வாய் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நீண்ட வரிசையில் நிற்போர் நம் மக்கள். நீட்டிய தாளில் பெருவிரல் பதிப்போரும் நம் மக்களே. மருத்துவத்துக்கு எடுக்கிறீர்களா, ஆராய்ச்சிக்கு எடுக்கிறீர்களா? எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்? வேறு எதற்கேனும் பயன்படுத்துவீர்களா? நான் மறுத்தால் என் சிகிச்சை நிற்குமா? இவ்வினாக்களைப் பணிவோடும் அச்சமின்றியும் கேட்க நம் வீட்டில் ஒருவராவது கற்றிருத்தல் வேண்டும். கேட்டு அறிந்தபின் மனமுவந்து கொடுப்பதில் நாம் பின்வாங்க வேண்டுவதில்லை. அவ்வாறு கொடுப்பதே கொடை.

நிலைத்த சிறப்பு

குளோவர் ஊரில் பெயரின்றிக் கிடந்த கல்லறைக்கு 2010-இல் ஒரு கல் நாட்டப்பட்டது. மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் ரோலண்ட் பட்டில்லோ என்னும் கறுப்பின அறிஞர் அதனை அளித்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அம்மையார்க்குச் சிறப்பு விருது வழங்கியது. மூத்த மகன் லாரன்ஸ் அதனைப் பெற்றுக்கொண்டார். பிறந்த ஊரான ரோனோக்கில், அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் தலைவர் ராபர்ட் லீயின் பெயரால் வழங்கிய திடல் அம்மையாரின் பெயரைப் பெற்றது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அங்கு அவர்தம் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது.

அடிமைக் குடியிருப்பில் வளர்ந்து, புகையிலை வயலில் உழைத்து, முப்பத்தொரு வயதில் மறைந்த ஒரு பெண்மணி உலகுக்குக் காட்டிச் சென்ற நெறி இது: மனித உடலின் மிகச் சிறு துணுக்கும் ஒரு மனிதருடையது, அம்மனிதர் ஏழையாயினும் எழுத்தறியாதவராயினும் கேட்கப்பட வேண்டியவர். நம் கழகத்தில் பயிலும் சிறுவர் சிறுமியருள் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆய்வகப் பணியாளராகவும் வழக்கறிஞராகவும் வருவோர் பலர் இருப்பர். குழாயின்மேல் ஒட்டிய தாளைக் காணும்போது, அதற்குப் பின்னுள்ள முகத்தையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

வாழ்க ஹென்றியேட்டா லாக்ஸ் அம்மையார் புகழ்!